நான் வெள்ளையடித்த லயம்

அரசாங்கக் கச்சேரியில் மொழிபெயர்ப்பாளர் கதிரையில் புதிதாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, உங்களுக்குப் பயன்படுகிற மாதிரி ஏதாவது எழுதித் தரும்படி கேட்டீர்கள். உத்தியோக காலம் முழுவதும் ஒருவர் வார்த்தையை வாங்கி இன்னொருவரிடம் கொடுத்துப் பழகியவன் நான். சொந்த வார்த்தை எழுதச் சொன்னால் கொஞ்சம் தடுமாறும், பொறுத்துக்கொள்ளுங்கள். பிரியாவிடைக் கூட்டங்களில் பேசுகிறவர்கள் எல்லோரும் தாங்கள் ஜெயித்த கதையைத்தான் சொல்கிறார்கள். அப்படி ஒன்று என்னிடமும் இருக்கிறது, அதை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். இரண்டாவதாகச் சொல்லப்போவதுதான் இத்தனை வருடமாக என்னைத் தின்பது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நான் கண்டிக் கச்சேரியில் சேர்ந்தேன். எழுத்தர்களுக்கெல்லாம் தலைவரான எங்கள் பிரதம லிகிதர் யாழ்ப்பாணத்துக்காரர். பேர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது, ஆகையால் சொல்லவில்லை. முதல் நாளே என்னைக் கூப்பிட்டு நிற்கவைத்து, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துச் சொன்னார்.

"தம்பி, நீர் ஒரு குழாய். தண்ணி இந்தப் பக்கத்தால வரும், அந்தப் பக்கத்தால போகும். குழாய்க்குத் தாகம் எடுக்கக்கூடாது."

எனக்கு எடுத்தது. இள ரத்தம், கொஞ்சம் ஆங்கிலம், கண்டி முஸ்லிம் கடைத்தெருவில் வளர்ந்த வாய்ச்சாலகம் எல்லாம் சேர்ந்து சும்மா இருக்க விடவில்லை. அம்பிட்டியவுக்குக் கீழே ஓர் ஓடையின் மேல் மரப்பாலம் இற்றுப்போய்க் கிடந்தது. புதுப் பாலம் கேட்டு ஊரார் மனுக்கொடுத்திருந்தார்கள், மாகாணத்தை ஆளும் ஏஜண்டு துரை நேரில் பார்க்க வருவதாக இருந்தது. நான் முந்திக்கொண்டு போய் ஊராருக்கு யோசனை சொன்னேன். வழியைக் கூட்டுங்கள், குருத்தோலைத் தோரணம் கட்டுங்கள், வெற்றிலைத் தட்டு வையுங்கள், கூச்சல் போடாதீர்கள் என்றேன். அப்படியே செய்தார்கள். துரை வந்தார், சிரித்தார், நாலே மாதத்தில் பாலம் வந்தது.

அதற்குப் பிறகு எனக்கு வந்த மண்டைக்கனத்தைச் சொல்லி மாளாது. அதிகாரியின் மனதைக் குளிரவைத்தால் காரியம் நடக்கும் என்று எனக்குள் ஒரு சட்டமே எழுதிவைத்துக்கொண்டேன். பல வருடம் கழித்துப் பழைய கோப்பு ஒன்றைப் புரட்டியபோதுதான் தெரிந்தது, துரை அம்பிட்டியவுக்குப் போவதற்கு முன்னமே அந்தப் பாலத்துக்கு உத்தரவு கையெழுத்தாகிவிட்டது. தோரணத்துக்கும் பாலத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் அது தெரியவருவதற்குள் நான் செய்ய வேண்டிய கெடுதியைச் செய்து முடித்திருந்தேன்.

அது முப்பதுகளில் நடந்தது. கொழும்பில் அரசாங்க சபை வந்துவிட்டது. கிராமங்களுக்குக் கிணறு, குடியிருப்பு, டிஸ்பென்சரி என்று சபையில் பணம் ஒதுக்குவதும், அது எந்த ஊருக்கு என்று அங்கத்தவர்கள் வாதாடுவதுமாக இருந்த காலம். தேயிலையும் றப்பரும் விலை விழுந்து சின்னத் தோட்டங்கள் பல மூடிக்கிடந்தன. வத்தேகமவுக்கு அப்பால் அப்படி ஒரு தோட்டம். உரிமையாளர் கதவைப் பூட்டிவிட்டுக் கப்பல் ஏறிவிட்டார். லயத்தில் இருந்த தொழிலாளர்களில் போக இடம் உள்ளவர்கள் போனார்கள். மற்றவர்கள் அந்த வரிசை அறைகளிலேயே தங்கி, அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் கைக்காசு வேலை செய்து காலம் தள்ளினார்கள்.

அவர்களுக்கு என்ன பெயர் வைப்பதென்று யாருக்கும் தெரியவில்லை. கிராமத்துக் கணக்கில் சேர்க்கலாமா என்று கேட்டால், அவர்கள் தோட்டத்து ஆட்கள் என்றார்கள். தோட்டத்துச் சட்டப்படி வைத்தியம் கொடுக்கலாமா என்று கேட்டால், அங்கே தோட்டமே இல்லையே என்றார்கள். இதற்கிடையில் மலேரியா என்கிற முறைக்காய்ச்சல் வந்து உட்கார்ந்துகொண்டது. குடிக்கிற தண்ணீர் எடுப்பது ஒரு குட்டையில். மருந்துக்கு வத்தேகமவுக்கு நடக்க வேண்டும், காய்ச்சல்காரன் எப்படி நடப்பான்? அந்த வருடம் எங்கள் பகுதிக்கு ஒரே ஒரு டிஸ்பென்சரிக்குத்தான் சபையில் இடம் இருந்தது. லயத்துக்குக் கொடுப்பதா, ஆற்றுக்கு அந்தப் பக்கத்தில் வேறொரு ஊருக்குக் கொடுப்பதா என்று கேள்வி. லயத்துக்காகப் பேச விரும்பிய ஓர் அங்கத்தவர், தான் கண்ணால் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார். நல்ல மனிதர், தமிழ் தெரியாதவர். மொழிபெயர்க்க என்னை அனுப்பினார்கள்.

நான் வழக்கம்போல நாலு நாள் முந்திப் போனேன். அங்கே பழைய கங்காணி முத்துக்கருப்பன் இருந்தார். கங்காணிப் பதவி தோட்டத்தோடு போய்விட்டது, ஆனால் சனம் அவர் பேச்சைக் கேட்டது. பேச்சாயி என்று ஒரு பெண்ணும் வந்து பக்கத்தில் நின்றாள். புருசனைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவள். ஏழு வயது மகள் ராக்கு மட்டும் மிச்சம், அந்தப் பிள்ளைக்கும் ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர் வந்து உதறியது. அந்தச் சனத்துக்குள் நாலு வார்த்தை திருத்தமாகப் பேசக்கூடியவள் அவள்தான். அங்கத்தவர் கேட்கும்போது நீ சொல் என்று அவளைத்தான் ஏற்பாடு செய்தேன். என்ன சொல்ல வேண்டுமென்று நான் சொல்லித்தர அவசியமே இருக்கவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். வத்தேகமவில் என் மச்சானின் கடையில் சுண்ணாம்பு விற்றார்கள். ஒரு மூட்டை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்து, லயத்தின் முகப்பை வெள்ளையடிக்கச் சொன்னேன். சாக்கடையில் மண் போட்டு மூடச் சொன்னேன். காய்ச்சலில் கிடப்பவர்களை அன்று ஒருநாள் மேட்டிலிருக்கும் பழைய ஸ்டோருக்குள், தேயிலை அரைத்த அந்தக் கட்டிடத்துக்குள், கொண்டுபோய்ப் படுக்கவைக்கச் சொன்னேன். இருமலும் முனகலும் கேட்டால் பெரிய மனிதர்கள் தொற்றுக்குப் பயந்து காரை விட்டு இறங்கமாட்டார்கள் என்பது என் கணக்கு. கங்காணி தலையாட்டினார். பேச்சாயிதான் கேட்டாள்.

"அவங்க அதப் பாக்கத்தானேங்க வர்றாங்க?"

முதலில் இறங்கி உள்ளே வரட்டும், பிறகு எல்லாம் பார்ப்பார்கள் என்று சொன்னேன். படித்தவன் சொல்கிறான் என்று அவள் விட்டுவிட்டாள். பிள்ளைகளே, அவள் கேட்ட அந்த ஒரு கேள்வியை நான் அன்று காதில் வாங்கியிருந்தால் இதை எழுத வேண்டியே வந்திராது.

அங்கத்தவர் காலையில் வந்தார். நல்ல வெயில். லயம் பளிச்சென்று இருந்தது. பெண்கள் இருந்த ஒரே நல்ல சேலையை எடுத்துக் கட்டியிருந்தார்கள், இல்லாதவர்கள் ஸ்டோரில் நோயாளிகளோடு நின்றுகொண்டார்கள். யார் வீட்டிலிருந்தோ கதிரை ஒன்று கொண்டுவந்து வெள்ளைத்துணி விரித்துப் போட்டிருந்தார்கள். தேசிக்காய் பிழிந்த தண்ணீர் கொடுத்தார்கள், மாலை போட்டார்கள். அவர் முகம் மலர்ந்துபோனதைப் பார்த்து எனக்கும் மலர்ந்தது. அம்பிட்டியப் பாலம் கண்முன்னே வந்து நின்றது.

அவர் எழுந்து, உங்களுக்கு என்ன குறை என்று கேட்டார். நான் பேச்சாயியைப் பார்த்து அப்படியே கேட்டேன். அவள் கைகூப்பிச் சொன்னாள்.

"ஒங்க புண்ணியத்துல நல்லாத்தாங்க இருக்கோம் சாமி."

நம்முடைய சனத்தின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வாசலுக்கு வந்த பெரியவர், கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு நலம் கேட்கிறார். எடுத்த எடுப்பில் வீட்டு அழுகையை அவர் மடியில் கொட்டுவது மரியாதையில்லை. முதல்முறை கேட்டால் நல்லா இருக்கிறோம் என்பார்கள். உண்மையைக் கேட்கிறவர் இன்னொரு தரம் கேட்பார். அப்போதுதான் சொல்வார்கள். பேச்சாயி அந்த இரண்டாவது கேள்விக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். உதடு துடித்ததை நான் பார்த்தேன். ஸ்டோர்ப் பக்கம் ஒரு பார்வை, என் பக்கம் ஒரு பார்வை.

நான் மொழிபெயர்த்தேன். அவள் சொன்னதைச் சொன்னபடி, ஓர் எழுத்துக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. அங்கத்தவர் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். 'ஐயா, இன்னொரு தரம் கேளுங்கள்' என்று ஆங்கிலத்தில் சொல்ல எனக்கு வாய் இருந்தது. மேட்டுக்குப் போவோம் வாருங்கள் என்று சொல்லக் கையும் காலும் இருந்தன. ஆனால் பிரதம லிகிதர் சொன்ன குழாய் அந்த நேரம் பார்த்து ஞாபகத்துக்கு வந்தது. சொல்லாததைச் சேர்ப்பது என் வேலையல்ல என்று நின்றுவிட்டேன். சுண்ணாம்பு மூட்டை சுமந்தபோது எங்கே போனதோ அந்தக் கட்டுப்பாடு! விதியை மீறக்கூடாத இடத்தில் மீறினேன், மீறியே ஆகவேண்டிய இடத்தில் அதன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். கார் புறப்பட்டுப் போய்விட்டது.

சபையில் அந்த விவாதம் நடந்த அன்று, எங்கள் பகுதிக் கோப்புகளோடு பிரதம லிகிதரையும் என்னையும் கொழும்புக்கு வரச்சொல்லியிருந்தார்கள். கோச்சி ஏறிக் கொழும்பு ஸ்டேஷனில் இறங்கி, உத்தியோகத்தர்களுக்கென்று விட்டிருந்த ஓரத்தில் உட்கார்ந்தோம். பேசுகிறவருக்கு ஏதாவது விவரம் வேண்டியிருந்தால் துண்டுக் கடதாசியில் எழுதிப் பியோனிடம் கொடுத்தனுப்புவது அங்கே வழக்கம். அதற்காகத்தான் எங்களை வைத்திருந்தார்கள்.

பேச்சுகள் அழகாகத்தான் இருந்தன. தோட்டத்துச் சனத்தைத் தோட்டத்துரைமார் பார்க்கட்டும், கிராமத்தான் வயிற்றிலடித்து அவர்களுக்குக் கொடுப்பதா என்று ஒருவர் கேட்டார். காய்ச்சல் தோட்டம், கிராமம் என்று பார்த்தா வருகிறது என்று இன்னொருவர் கேட்டார். கைதட்டினார்கள், சிரித்தார்கள், மத்தியானச் சாப்பாட்டுக்குக் கலைந்து மறுபடி கூடினார்கள். அந்தச் சனம் இருந்த இடத்தின் பெயரை ஒருவரும் சரியாக உச்சரிக்கவில்லை. பிறகு எங்கள் அங்கத்தவர் எழுந்தார்.

அவர் மேல் ஒரு குற்றமும் சொல்லமாட்டேன். கண்டதைச் சொன்னார். இந்த லயத்துக்காக வாதாட வேண்டுமென்றுதான் தான் நினைத்திருந்ததாகவும், நேரில் போய்ப் பார்த்த பிறகு மனசாட்சி இடங்கொடுக்கவில்லை என்றும் சொன்னார். சுவர்கள் வெள்ளை, வாசல் சுத்தம், நோயென்று ஓர் ஆளைக்கூடத் தான் பார்க்கவில்லை. மக்களிடமே கேட்டபோது நன்றாக இருக்கிறோம் என்று அவர்கள் வாயாலேயே சொன்னார்கள். தகுதியான மொழிபெயர்ப்பாளர் மூலம்தான் கேட்டேன் என்று என் பக்கம் கைநீட்டி வேறு காட்டினார். ஆகையால் இந்த உதவி இதைவிடக் கஷ்டப்படுகிற ஊருக்குப் போகட்டும் என்று முடித்தார்.

கடதாசியை இழுத்து எழுதினேன். நோயாளிகளை மறைத்தது நான், வெள்ளையடிக்கச் செய்தது நான், அந்தப் பெண் சொன்னது மரியாதை வார்த்தை, பதில் அல்ல. மூன்றே வரிகள். பியோனைக் கூப்பிடக் கையை உயர்த்துமுன் பிரதம லிகிதர் எட்டிப் படித்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மெல்லச் சொன்னார்.

"இதைக் குடுத்தா உம்மட உத்தியோகம் போகும், தம்பி. குடுக்காட்டி என்ன போகும் எண்டு உமக்குத் தெரியும். நான் ஒண்டும் சொல்லேல்லை."

அப்போதுதான் எனக்கு இரண்டாவது குழந்தை பிறந்திருந்தது. வீட்டு வாடகை, உம்மாவின் மருந்து, தம்பியின் படிப்பு எல்லாம் வரிசையாக வந்து முன்னால் நின்றன. கொடுக்கலாம், இன்னும் ஒரு நிமிசம், இவர் பேசி முடிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேயிருந்தேன். மணி அடித்தது. கை உயர்த்தச் சொன்னார்கள், எண்ணினார்கள். டிஸ்பென்சரி ஆற்றுக்கு அந்தப் பக்கம் போனது. கடதாசி என் கோட்டுப் பையில் இருந்தது. அந்த ஊருக்கும் அது தேவைதான், அங்கேயும் மனிதர்தான் பிழைத்தார்கள் என்று இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லிப்பார்க்கிறேன், பிடிபடவில்லை.

சில நாள் கழித்துக் கோட்டைத் துவைக்க எடுத்த என் மனைவி அந்தக் கடதாசியைக் கண்டாள். ஆங்கிலம் தெரியாது, என்னவென்று கேட்டாள். சொன்னேன். அந்தச் சனத்துக்கு முடிவு தெரியுமா என்று கேட்டாள். கச்சேரியிலிருந்து கடிதம் போகும் என்றேன்.

"கடிதம் போகத் தேவல்ல. நீங்களே போய் செல்லுங்க. உங்கட வாயால செல்லுங்க," என்றாள்.

உண்மையை முழுதாகச் சொல்வதென்று முடிவுசெய்துகொண்டுதான் வத்தேகமவுக்குப் பஸ் ஏறினேன். லயத்துக்கு ஏறும் வழியில் வார்த்தைகளைக்கூட அடுக்கிவைத்தேன். அங்கே போய்ப் பார்த்தால், லயத்தின் பக்கத்தில் ஒரு துண்டு நிலத்தைப் புல் செதுக்கிச் சமப்படுத்தி, நாலு மூலையிலும் கம்பு நட்டுவைத்திருந்தார்கள். டிஸ்பென்சரி வரும் இடமாம். வந்த துரை சிரித்த முகத்தோடு போனாரே, கிடைக்காமலா போகும் என்று கங்காணிதான் செய்யச்சொல்லியிருந்தார். கிடைக்கவில்லை என்பதை மட்டும் முதலில் சொன்னேன். கங்காணி நட்ட கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பேச்சாயி தண்ணீர் கொண்டுவந்தாள். ராக்கு எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"அதுக்கென்னங்கய்யா, நல்லாருக்கு. தண்ணி குடிங்க."

குடித்தேன். அறை வாசல் திறந்துகிடந்தது, உள்ளே ஒருவருமில்லை. அவள் கண்ணைப் பார்த்து இன்னொரு தரம் கேட்டேன்.

"போயி பத்து நாளாச்சுங்கய்யா."

மலை ஏறி வந்தவனைத் தண்ணீர் குடிக்கவைக்கு முன் அதைச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. நான் அடுக்கிவைத்திருந்த வார்த்தையெல்லாம் எங்கேயோ போய்விட்டது. அவள் அழவில்லை. குவளையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு என்னைக் கேட்டாள்.

"நாங்க ஏதும் கொறையா நடந்துகிட்டோமாங்கய்யா?"

"இல்ல புள்ள. ஒரு கொறையும் இல்ல."

அவள் தலையசைத்தாள். நானும் மரியாதைக்குத்தான் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டாள். ஒரு அடி கிட்ட வந்து, இன்னும் தணிந்த குரலில், இரண்டாவது தரம் கேட்டாள்.

"மனசுல வச்சுக்காம சொல்லுங்கய்யா. எங்க மேல என்ன கொற?"

பிள்ளைகளே, இந்தத் தொழிலில் இலக்கணம், சட்டச்சொல், கையெழுத்து எல்லாம் மூன்று வருடத்தில் வந்துவிடும். யாராவது உங்களிடம் இரண்டாவது தரம் கேட்கிற அந்த நேரம்தான் உங்கள் உத்தியோகம். அவள் எனக்கு அந்த நேரத்தைக் கொடுத்தாள். குறை உங்கள் மேல் இல்லை, என் மேல், உங்கள் நோயை மறைத்து உங்களைக் கெடுத்தவன் நான்தான் என்று சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவள் முன்னால் நின்றுகொண்டு எனக்குப் பயம் வந்தது. அவள் என்ன செய்துவிடுவாள்? ஒன்றும் செய்யமாட்டாள். அவள் பார்க்கப்போகிற பார்வைக்குத்தான் பயந்தேன்.

"ஒண்டும் இல்ல புள்ள," என்றேன் மறுபடியும்.

அவள் சுவரைப் பார்த்தாள். மழைச்சாரல் பட்டு அடியில் சுண்ணாம்பு கரைந்து மண் தெரிந்தது. பிறகு கங்காணி பக்கம் திரும்பினாள்.

"அன்னைக்கு உள்ள இருந்த அழுக்க எட்டிப் பாத்திருப்பாங்க மாமா. அடுத்த தடவ உள்ளயும் வெள்ள அடிச்சிரணும்."

கங்காணி என்னோடு பாதை வரைக்கும் இறங்கி வந்தார். பஸ் வந்ததும், தயங்கித் தயங்கி, இன்னொரு மூட்டை சுண்ணாம்பு கிடைக்குமா என்று கேட்டார். கிடைக்கும் என்றேன். அடுத்த வாரம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.